ஏழாம் எண் தாள்

செஞ்சி
12-8-1968

சிரஞ்சீவி ஆதிநாதனுக்கு மாமா வாசுபூஜ்யன் எழுதுவது. அருகன் அருளால் இங்கு நானும் உன் அம்மாவும் நலம். உன் நலத்துக்கு இருவரும் வேண்டிக்கொள்கிறோம்.

இக்கடிதத்தில் ஆறு விஷயங்கள் வருகின்றன. வரிசை தப்பாமல் எழுத முயல்கிறேன்.

1. உடல்நிலை.
2. உன் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவு.
3. கம்பெனி சொல்லும் ஐந்து பண்புகளும் சமணரான நம் ஐந்து விரதங்களும்.
4. தாளில் பெயர் கேட்கலாமா?
5. என் பயம்.
6. உன் அம்மா சொல்லச் சொன்னது.

முதலாவது: முழங்கால் வலி மட்டும் இருக்கிறது. கண் நன்றாகத் தெரிகிறது. உன் அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துத் தருவது இன்னமும் நான்தான்.

இரண்டாவது: பம்பாயிலிருந்து ஒரு நிபுணர் வந்து உங்கள் கம்பெனியில் 'நிறுவன வளர்ச்சி' என்ற புதிய பயிற்சியைத் தொடங்கியிருக்கிறார். ஐந்து பண்புகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறார். இவை நம் ஜனங்கள் காலங்காலமாக மதித்துவரும் அறங்களோடு எங்கே ஒத்துப்போகின்றன என்று தமிழில் விளக்கி, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் தொழிலாளர்களிடம் பேசும் பொறுப்பைப் பயிற்சிப் பிரிவு உதவியாளனான உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சரிதானே? தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

மூன்றாவது: மனந்திறந்து பேசுதல் என்று அவர்கள் சொல்வது நம் பொய்யாமைதான். ஒருவரையொருவர் நம்புதல், கள்ளாமையின் பலன். கூடி முடிவெடுத்தலை மிகுபொருள் விரும்பாமையோடு சேர்க்கலாம்; அதிகாரமும் ஒரு பொருள்தானே, அதைத் தானே வைத்துக்கொள்ளாமலிருப்பது. சச்சரவை மூடிவைக்காமல் பேசித் தீர்த்தலைக் கொல்லாமையோடு சேர்த்தேன், அரை மனதாக. ஆள் வளர்ச்சியைப் புலனடக்கத்தோடு சேர்க்கப் பார்த்தேன். பொருந்தவில்லை. விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். கம்பெனியின் ஐந்துக்கும் பின்னால் ஒரு 'அப்போதுதான்' நிற்கிறது. மனந்திறந்து பேசுங்கள், அப்போதுதான் உற்பத்தி பெருகும். நம் ஐந்துக்குப் பின்னால் அப்படி ஒன்றும் இல்லை. பொய் சொல்லாதே என்றால் அதோடு முடிந்தது. இது பெரிய வித்தியாசமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான்காவது: கூட்டத்துக்குப் பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்து மனதிலுள்ளதை எழுதச் சொல்வார்கள் என்று எழுதியிருந்தாய். பெயர் கேட்காதே. பிழைப்புக்காக வந்த மனிதன் தன் பெயரைக் கீழே போட்டு உண்மையை எழுத மாட்டான். இது எல்லா நாட்டுக்கும் எக்காலத்துக்கும் பொருந்தும். இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஐந்தாவது: மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களைப் பார்த்துப் பேசு, பேசு என்று சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. காரணம் கேட்டால் தெரியாது.

ஆறாவது: இரவில் தயிர் சேர்க்காதே என்கிறாள். பொழுது சாய்வதற்கு முன் சாப்பிடுகிறாயா என்றும் கேட்கிறாள். இல்லை என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பவுனம்மாள் மகன் இளையபெருமாள் அங்கே பிரஸ் ஷாப்பில்தானே இருக்கிறான்? என்னிடம் படித்தவன். பார்த்தால் விசாரித்ததாகச் சொல்.

ஆசிகளுடன்,
வாசுபூஜ்யன்

---

சென்னை
30-8-1968

மாமா அவர்களுக்கு ஆதிநாதனின் நமஸ்காரம். நான் நலம். உங்கள் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

உங்கள் ஒப்பீட்டை நிபுணரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். மேசையைத் தட்டிப் பாராட்டினார். 'அப்போதுதான்' பற்றிய சந்தேகத்தை மட்டும் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. ஜூன் மாதம் துரைக்கண்ணு என்ற தொழிலாளிக்குப் பிரஸ்ஸில் மூன்று விரல் போயிற்று; அவருடைய கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிவிட்டது. கூட்டத்திலும் பெஞ்சில் அவருடைய இடத்தைக் காலியாக விட்டே உட்கார்ந்திருந்தார்கள். "இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது, இதற்கு நான் பொறுப்பு" என்று சொன்னேன். பெயர் வேண்டாம், தாளின் வரிசை எண் மட்டும் போதும் என்றேன். அதன்பிறகு எட்டுத் தாள்கள் வந்தன. இளையபெருமாளும் இருந்தார். "நம்ம ஊர்க்காரர் சொன்னா செரி" என்று மற்றவர்களிடம் சொன்னது அவர்தான்.

இத்துடன் எட்டுத் தாள்களை அனுப்புகிறேன். எதை எந்தப் பண்பின் கீழ் வகைப்படுத்துவது என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது. உங்களுக்கு வகைப்படுத்துவது கைவந்த கலை. பிரதி எடுக்க நேரமில்லை, மூலத்தையே அனுப்புகிறேன். பதிலை நான் தங்கியிருக்கும் லாட்ஜ் முகவரிக்கு அனுப்புங்கள்.

அம்மாவுக்கு நமஸ்காரம்.

ஆதிநாதன்

---

செஞ்சி
9-9-1968

சிரஞ்சீவி ஆதிநாதனுக்கு மாமாவின் ஆசிகள். இருவரும் சுகம். இரண்டு நாளாக மழை. ராஜகிரி உச்சி தெரியவில்லை.

எட்டுத் தாள்களையும் மும்முறை படித்தேன். ஒன்று, இரண்டு, ஐந்து: நம்பிக்கை. மூன்று, எட்டு: கூடி முடிவெடுத்தல். நான்கு: கேண்டீன் சாம்பாரைப் பற்றியது; எதிலும் சேரவில்லை. ஆறு: வெற்றுத் தாள். ஆனால் மடித்து, பிரித்து, மறுபடி மடித்திருக்கிறார்கள். அதை எந்த வகையில் சேர்ப்பது என்று வெகுநேரம் யோசித்தேன்.

ஏழாம் எண் தாள்தான் முக்கியம். அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்: "துரைக்கண்ணு மேல் தப்பு இல்லை. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். கை உள்ளே இருக்கும்போது இறங்கக்கூடாது என்றுதான் இரண்டு பட்டன். நேரம் மிச்சமாகும் என்று இடது பட்டனைக் கம்பி போட்டுக் கட்டச் சொன்னது ஒர்க்ஸ் மேனேஜர். கட்டிய கம்பி இன்னும் இருக்கிறது. வந்து பார்க்கலாம்." இதை மனந்திறந்து பேசுதலில் முதலிடத்தில் வைத்தேன்.

இதில் எனக்கு ஒரு சந்தோஷம். இந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். இது இளையபெருமாள்! எழுத்தெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததுபோல் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது பார். அவன் இடதுகைக்காரன். ஏழாம் வகுப்பில் அவனுடைய இடது கையை என் மேல்துண்டால் பெஞ்சுக் காலோடு கட்டிவைத்து, ஒரு மாதம் வலது கையால் எழுத வைத்தேன். அந்த வலது கை எழுத்துதான் இது. அப்போது அதுதான் முறை. முப்பத்துநான்கு வருஷம் கையெழுத்துத் திருத்தியவன் நான். என் கணிப்பு தப்பாது. அவன் இவ்வளவு தெளிவாக எழுதுகிறானே என்று உன் அம்மாவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

லாட்ஜ் முகவரிக்கு எழுதச் சொன்னாய். ஆனால் இவை கம்பெனியின் தாள்கள். அலுவல் தாளை விடுதிக்கு அனுப்ப என் பழக்கம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே உன் பதவியின் பெயரை எழுதி, கம்பெனி முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வழக்கம்போல் என் கடிதத்துக்குப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆசிகளுடன்,
வாசுபூஜ்யன்

---

சென்னை
18-9-1968

ஐயா,

தங்களது 9-9-68 தேதியிட்ட பதிவுத் தபால், உள்வரவு எண் 1146, இப்பிரிவில் பெறப்பட்டது. தாள்கள் எட்டும் சரியாக உள்ளன. இது தொடர்பாகத் தாங்கள் இனி எதுவும் எழுத வேண்டியதில்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

நலம். அம்மாவுக்கு நமஸ்காரம்.

தங்கள்,
ஆதிநாதன்

---

செஞ்சி
22-9-1968

சிரஞ்சீவி ஆதிநாதனுக்கு மாமாவின் ஆசிகள். நலம், நலமறிய ஆவல். இதை லாட்ஜ் முகவரிக்கே அனுப்புகிறேன்.

உன் கடிதம் தட்டச்சில் வந்தது. உன்னைத் தூக்கி வளர்த்த நாளிலிருந்து நீ என்னை 'ஐயா' என்றதில்லை. கையெழுத்து போட்ட இடத்தில் பேனா முள் தாளைக் கிழித்திருக்கிறது. 'நலம்' என்று மட்டும் இருக்கிறது. யார் நலம் என்று இல்லை.

நான்கு கேள்விகள்.

1. உறையைப் பிரித்தது நீயா, பிரித்த பிறகு உன்னிடம் வந்ததா?
2. உள்வரவு எண் போடுகிறவர் கடிதத்தைப் படிப்பாரா?
3. அவர் படித்தால் யாரிடம் சொல்வார்?
4. இளையபெருமாள் வேலைக்கு வருகிறானா?

மூன்றாம் கேள்வியை எழுதும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. முறை, முறை என்று நான் செய்த காரியம் என்னவென்று இப்போதுதான் உறைக்கிறது. அந்த அறையைத் தாண்டாது என்று நீ வாக்குக் கொடுத்தாய். அறையைத் தாண்டி நூறு மைல் வந்து, பெயர் ஒட்டிக்கொண்டு, மறுபடி அங்கேயே போய்ச் சேர்ந்திருக்கிறது.

நேற்றிலிருந்து தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. தைலம் எப்போது வரும் என்று கேட்கிறாள்.

உடனே பதில் போடு.

வாசுபூஜ்யன்

---

செஞ்சி
10-10-1968

சிரஞ்சீவி ஆதிநாதனுக்கு. நலமே. பதினெட்டு நாளாகப் பதில் இல்லை.

இன்று பவுனம்மாள் வந்தாள். இளையபெருமாளின் தாயார். கடலை மண்டியில் மல்லாட்டை உடைக்கப் போகிறவள், பாதி வேலையில் எழுந்து வந்திருந்தாள். தலையெல்லாம் கடலைத் தோட்டுத் தூள். கையில் கம்பெனியின் நீள உறை; மகனின் ஊர் முகவரிக்கு வந்தது.

"வாத்தியாரய்யா, போஸ்ட்மேன் ரேகை வாங்கிட்டுக் குடுத்துட்டுப் போனான். இன்னா எழுதிக்கீது, கொஞ்சம் பாருங்க" என்றாள்.

ஆங்கிலத்தில் இருந்தது. இளையபெருமாளை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறார்கள். கம்பெனியின் பெயரைக் கெடுக்கும் பொய்யான தகவலை எழுதினான் என்று குற்றச்சாட்டு. நவம்பர் 14-இல் விசாரணை. நிரூபணமானால் வேலை நீக்கம். ஆதாரம் என்ன என்று மூன்றாம் பத்தியில் இருந்தது: 'அவருக்குக் கற்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுத்து மூலம் அடையாளம் காட்டியுள்ளார்.'

அந்த வரியை மறுபடியும் படித்தேன்.

"இன்னா, சம்பளம் ஏத்திட்டாங்களா? அதுக்கு ஏன் மூஞ்ச இப்டி வெச்சிக்கிறீங்க? ஏறுனது உங்க சம்பளம் இல்லியே!" என்று சிரித்தாள்.

"லீவு விஷயம், பவுனம்மா. அவனுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு குடுத்திருக்காங்க."

"ஓய்வா? அவன் இன்னா தாசில்தாரா, ஓய்வு குடுக்கறதுக்கு?" உறையைத் திரும்ப வாங்கினாள். "கை காலு நல்லாத்தானே கீது? அந்த துரைக்கண்ணு மாதிரி ஒண்ணும் இல்லியே?"

"இல்ல. நல்லா இருக்கான்."

"அப்ப செரி. நீங்க படிச்சவரு, சொன்னா செரியாத்தான் இருக்கும்."

உறையை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அறுபத்தேழு வயதில், என் வீட்டு வாசலில் நின்று, படிக்கத் தெரியாத ஒருத்தியிடம் பொய் படித்துக் காட்டினேன். பொய்யாமை பற்றி உனக்கு ஒரு பக்கம் எழுதியவன்.

பதில் போடு, ஆதி. திட்டியாவது போடு.

வாசுபூஜ்யன்

---

சென்னை
19-10-1968

மாமாவுக்கு ஆதியின் நமஸ்காரம். இதைக் கையால்தான் எழுதுகிறேன். லாட்ஜில் இருந்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

உறை பிரிக்கப்பட்டுத்தான் என்னிடம் வந்தது. அதற்கு முன் அது மூன்று மேசைகளைக் கடந்திருந்தது. ஏழாம் எண் தாளைப் பற்றிய பத்தியில் சிவப்பு பென்சிலால் கோடு போட்டிருந்தது.

ஒர்க்ஸ் மேனேஜர் கூப்பிட்டார். நிபுணரும் பக்கத்தில் இருந்தார். கரும்பலகையில் ஐந்து பண்புகளும் அழிக்காமல் இருந்தன. இந்த ஆசிரியர் உனக்கு யார் என்று கேட்டார்கள். அவர் சொல்வது நம்பத்தகுந்ததா என்று கேட்டார்கள். நான் பதில் சொன்னேன்.

இளையபெருமாள் லாட்ஜ் வாசலுக்கு ஒரு நாள் வந்தார். நான் மாடியிலிருந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

விசாரணைக்கு உங்களையும் அழைப்பார்கள். தாளைக் கையில் கொடுத்துக் கேட்பார்கள். உங்களுக்கு ஒரு கண்ணில் புரை விழுந்திருப்பதாக அம்மா எப்போதோ சொன்னதாக எனக்கு ஞாபகம். அப்படி இருந்தால், புரையோடு படித்ததில் தவறு நேர்வது இயற்கை என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஞாபகத்துக்கு வந்ததால் எழுதினேன்.

தைலம் அப்படியே இருக்கிறது.

ஆதிநாதன்

---

செஞ்சி
25-10-1968

சிரஞ்சீவி ஆதிநாதனுக்கு மாமாவின் ஆசிகள். உன் அம்மாவுக்கு லேசான ஜலதோஷம், வேறொன்றுமில்லை. விசாரணைக்கு அழைப்பு வந்துவிட்டது.

எனக்குப் புரை இல்லை. உனக்கும் அது தெரியும். நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லை. நான் கேட்கவில்லை.

நேற்று காலை மண்டிக்குப் போனேன். பவுனம்மாளோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தை எடு என்றேன். நின்றபடியே முழுவதையும் தமிழில் படித்தேன். மூன்றாம் பத்தியையும் விடாமல் படித்தேன்.

"அந்த ரிட்டையரு வாத்தியாரு யாரு?" என்றாள்.

"நான்தான்."

உடைக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"அன்னிக்கு லீவுன்னீங்களே."

"பயந்துட்டேன், பவுனம்மா."

"நீங்க இன்னாத்துக்கு பயந்தீங்க? உங்களுக்குத்தான் மாசமானா பென்சன் வருதே. பயப்பட வேண்டியவ நானு." எழுந்து தூளைத் தட்டிக்கொண்டாள். "சின்னப் புள்ளைல அவன் கையக் கட்டுனீங்க. நல்லதுக்குத்தான் கட்டுறாருன்னு நானே சொன்னேன். இப்ப வாயையும் கட்டிட்டீங்க."

பக்கத்தில் மங்கை என்றொரு பெண், "உடுக்கா, வாத்தியாரு அழுதுருவாரு போல" என்றாள்.

"அழட்டும். அழுதுட்டுப் பட்டணம் போவட்டும். போயி, அது எம் புள்ள எழுத்து இல்ல, வேற எவன் எழுத்தோன்னு சொல்லிட்டு வரட்டும். எனக்கு ஒரு பொய் சொன்னாரு இல்ல, அவனுங்களுக்கு ஒண்ணு சொன்னா இன்னா?"

வீட்டுக்கு வந்து என் ஒப்பீட்டின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். கம்பெனியின் பட்டியல் மனந்திறந்து பேசுதலில் தொடங்குகிறது. நானும் அந்த வரிசைக்கு ஏற்ப நம்முடையதை மாற்றி அடுக்கியிருக்கிறேன். நம் வரிசையில் முதலில் நிற்பது கொல்லாமை; பொய்யாமை அதற்கு அடுத்தது. ஒருவனை நசுக்கும் மெய்யைச் சொல்லாதே என்று சிறுவயதிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதை நான் மறக்கவில்லை. கையெழுத்தைக் கண்டுபிடித்த பெருமையில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொன்றும் தோன்றுகிறது. விரதம் என்பது நான் என்னைக் கட்டிக்கொள்வது. கம்பெனியின் பண்பு, மேலே இருப்பவர் கீழே இருப்பவனைப் பார்த்துக் கேட்பது. மேனேஜர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து ஏதாவது மனந்திறந்தாரா? நீ எழுதவில்லை.

நான் வருகிறேன். பஸ்ஸில் தனியாகப் பட்டணம் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஸ்டாண்டுக்கு நீ வருவாயா?

வாசுபூஜ்யன்

---

சென்னை
8-11-1968

மாமாவுக்கு நமஸ்காரம். நலம்.

11-ஆம் தேதியிலிருந்து பத்து நாளைக்குக் கோயம்புத்தூர் கிளைக்குப் போகும்படி ஆகிவிட்டது. ஆகவே 14-ஆம் தேதி நான் இங்கே இருக்க மாட்டேன். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துத் திண்டிவனத்தில் மாறினால் பதினொரு மணிக்குச் சேரலாம். ஸ்டாண்டிலிருந்து எந்த பஸ், எங்கே இறங்குவது எல்லாம் தனித் தாளில் எண் போட்டு எழுதியிருக்கிறேன். தைலத்தை லாட்ஜ் மேனேஜரிடம் கொடுத்திருக்கிறேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

ஆதி

---

செஞ்சி
17-11-1968

சிரஞ்சீவி ஆதிநாதனுக்கு மாமாவின் ஆசிகள். பத்திரமாகத் திரும்பிவிட்டேன். உன் அம்மாவுக்கு ஜலதோஷம் விட்டுவிட்டது. தைலம் வாங்கிக்கொள்ளவில்லை, லாட்ஜ் பக்கம் போகத் தெம்பு இல்லை. கோயம்புத்தூருக்கு உன்னை அனுப்பினார்களா, நீ கேட்டுப் போனாயா என்று நீ எழுதவில்லை. இருக்கட்டும்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எண் போடவில்லை.

காலையில் போனவனை நாலரை மணிக்குத்தான் உள்ளே அழைத்தார்கள். நீள மேசை. ஒரு பக்கம் விசாரணை அதிகாரி, வெளியிலிருந்து வந்த வக்கீல். அவருக்கு அடுத்து ஒர்க்ஸ் மேனேஜர். எதிரில் இளையபெருமாள் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைக் கூப்பினான்.

ஏழாம் எண் தாளைக் கொடுத்து, "இது யார் கையெழுத்து?" என்றார் வக்கீல்.

"என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்குக் கண்ணில் புரை" என்றேன்.

"செப்டம்பரில் உறுதியாகச் சொல்லியிருக்கிறீர்களே. 'என் கணிப்பு தப்பாது' என்று இருக்கிறதே."

"அப்போதும் புரை இருந்தது."

"எட்டுத் தாள்களையும் மும்முறை படித்ததாகவும் இருக்கிறதே?"

"வெளிச்சத்தில் வைத்துப் படித்தேன்."

"இதுவும் வெளிச்சம்தான். எந்தக் கண்ணில் புரை?"

எனக்கு நினைவில்லை, ஆதி. எந்தக் கண் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அந்த நேரத்தில் மறந்துவிட்டது. இடது கண்ணைத் தொட்டேன், பிறகு வலது கண்ணைத் தொட்டேன். மேனேஜர் சிரித்தார். வியர்வை தாள்மேல் சொட்டியது.

அப்போது இளையபெருமாள் பேசினான்.

"சார உடுங்க சார். அவரு நல்ல மனுசன், பொய்யி சொல்லத் தெரியாது. அத எழுதுனது நான்தான்."

வக்கீல் பேனாவை வைத்துவிட்டார். "நீ எழுத்து மூலம் மறுத்திருக்கிறாயே?"

"மறுத்தேன், சார். பயம். அப்புறம் துரைக்கண்ணு கேசு நடத்துற வக்கீலாண்ட போயி கேட்டேன். பேரில்லாத காயிதம் கோர்ட்டுல நிக்காதாம். பேரு இருந்தா நிக்குமாம். அதக் குடுங்க, போட்டுடறேன்."

கொடுப்பதா வேண்டாமா என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதற்குள், தாள் என் கையில்தானே இருந்தது, நான் நீட்டிவிட்டேன். அவன் குனிந்து, பேனாவை இடது கையில் எடுத்து, வல்லம் இளையபெருமாள் என்று ஊரோடு முழுப் பெயரையும் எழுதி, தேதியும் போட்டான். ஒரு எழுத்துகூடச் சாயவில்லை. எல்லாம் நிமிர்ந்து நின்றன. மேலே ஒன்பது வரி சாய்ந்து கிடக்கிறது. கீழே ஒரு வரி நேராக நிற்கிறது.

வெளியே தாழ்வாரத்தில் என்னிடம் வந்தான்.

"சாப்டீங்களா, சார்? ஐயோ, பொழுது போயிடுச்சே. இனிமே சாப்பிட மாட்டீங்களே" என்றான். பதினாறு பதினேழு வருஷத்துக்கு முன் வாத்தியார் எப்போது சாப்பிடுவார் என்பது அவனுக்கு நினைவிருக்கிறது.

"உன் பிழைப்பு போச்சேடா, என்னால" என்றேன்.

"போச்சுதான் சார். அடுத்த வாரம் ஆர்டரு வந்துரும்." பிறகு சிரித்தான். "கம்பெனில எல்லாருக்கும் நான் பீச்சாங்கைன்னு தெரியும். சோத்தாங்கையால எழுதுனா ஒருத்தனாலயும் கண்டுபுடிக்க முடியாதுன்னு நெனச்சேன். அந்த எழுத்தத் தெரிஞ்ச ஆளு ஒலகத்துலயே ஒருத்தர்தான். கரெக்டா அவருக்கே போயிடுச்சி!"

மன்னித்துக்கொள் என்று நான் சொன்னேன். இல்லை, சொல்ல நினைத்தேன். சொன்னேனா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. "கையக் கட்டுன அந்தத் துண்டு ஒரே நாத்தம் சார்" என்று மட்டும் அவன் சொன்னது காதில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்து ஏற்றிவிட்டான்.

அதே நாள் சாயங்காலம் பிரஸ் ஷாப்பில் பட்டன்களைக் கட்டியிருந்த எல்லாக் கம்பியையும் அவிழ்த்துவிட்டார்களாம்; வேலை விட்டு வந்த ஒருவர் பஸ் ஸ்டாண்டில் எங்களிடம் சொன்னார். அது மனந்திறந்து பேசுதலின் பலனா, கோர்ட்டுக்குப் பயந்தா, எந்த வகையில் சேர்ப்பது என்று நீயே பார்த்துக்கொள்.

எனக்குப் பயம் போகவில்லை. நாளைக்கு பவுனம்மாளிடம் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றை எழுதாமல் இந்தக் கடிதத்தை ஒட்டக் கூடாது. ஆகஸ்டு 12-ஆம் தேதிக் கடிதத்தின் பிரதியை எடுத்து முன்னால் வைத்திருக்கிறேன். ஒப்பீட்டில் வரிசை பிசகியதை உனக்கு ஏற்கெனவே எழுதிவிட்டேன். அதைவிடப் பெரிய பிழை நான்காம் விஷயத்தில் இருக்கிறது. சந்தேகமே இல்லை என்று நான் எழுதிய ஒரே இடம் அதுதான். பிழைப்புக்காக வந்த மனிதன் தன் பெயரைக் கீழே போட்டு உண்மையை எழுத மாட்டான், எக்காலத்துக்கும் பொருந்தும் என்றேன். எனக்குத் தெரிந்த மனிதர்களை வைத்து எழுதினேன். அப்படித் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: ஒருவன் நான். இன்னொருவனை நான் தூக்கி வளர்த்தேன்.

என் பிரதியில் அந்த வரியை அடித்துவிட்டேன். உன்னிடம் உள்ள கடிதத்திலும் அடித்துவிடு. அது தவறு.

ஆசிகளுடன்,
வாசுபூஜ்யன்